வில்னியஸில் ஒரு பெயர்ப்பலகை: லித்துவேனியா மீது சீனா கொடுத்த நெருக்கடியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிலும்

வெண்ணிப்பறந்தலை (கேள்வி):

வணக்கம். ஐரோப்பிய அரசுகளுக்கும் சீன அரசுக்கும் இடையிலான உறவைப் பற்றிச் சில மாதங்களாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அதில் ஒரே ஒரு நிகழ்வு மட்டும் எத்தனை முறை படித்தாலும் பிடிபடவில்லை.

2021 நவம்பர் 18 அன்று லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸில் தைவான் தன் பிரதிநிதி அலுவலகம் ஒன்றைத் திறந்தது. இத்தகைய அலுவலகங்கள் பாரிஸ், பெர்லின் உட்பட ஐரோப்பாவின் பல நகரங்களில் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. அவற்றின் பெயரில் தைவானின் தலைநகரான ‘தைபெய்’ மட்டுமே இருக்கும். வில்னியஸ் பலகையில் தைவானின் பெயர் இடம்பெற்றது. தைவானைத் தன் நாட்டின் ஒரு பகுதியாகவே கருதும் சீனா, மூன்றே நாளில் லித்துவேனியாவுடனான உறவைத் தூதர் நிலையிலிருந்து பொறுப்புத் தூதர் நிலைக்கு இறக்கியது. டிசம்பர் தொடக்கத்தில் லித்துவேனியச் சரக்குகள் சீனத் துறைமுகங்களில் தேங்கத் தொடங்கின. அந்த மாத நடுவில் பெய்ஜிங்கில் இருந்த லித்துவேனியத் தூதரக ஊழியர்கள் குடும்பத்தோடு நாடு திரும்பினார்கள்.

என் ஐயம் இதுதான். லித்துவேனியாவின் மொத்த ஏற்றுமதியில் சீனாவுக்கு நேரடியாகச் சென்றது ஏறத்தாழ 1 சதவீதம். அந்த 1 சதவீதம் முழுவதுமே நின்றுபோனால்கூட ஒரு நாடு தள்ளாடிப்போகாது. அப்படியிருக்க, அங்கே ஏன் அவ்வளவு பதற்றம்? அதோடு, 45 கோடி மக்களின் சந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, வணிகக் கொள்கையை 27 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் தீர்மானிக்கிற ஐரோப்பிய ஒன்றியம், 28 லட்சம் பேர் வாழும் தன் உறுப்பு நாடு ஒன்றுக்காக ஏன் உடனடியாகச் சீனாவைத் தட்டிக் கேட்கவில்லை? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுங்கச்சாவடி:

கேள்வியின் முதற்பாதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். தூத்துக்குடியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிளியரிங் ஏஜென்ட் (சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருபவர்) தொழிலில் இருப்பவன் என்பதால், அந்த டிசம்பரில் நடந்ததை வெளியுறவுச் செய்தியாக அல்லாமல் என் மேசை மீது வந்து விழும் காகிதமாகவே என்னால் பார்க்க முடிந்தது.

எந்த நாட்டின் சுங்கத்துறையாக இருந்தாலும், இறக்குமதி அறிவிப்பில் பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. கணினித் திரையில் நாடுகளின் பட்டியல் விரியும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2021 டிசம்பர் தொடக்கத்தில் சீனச் சுங்கத்தின் பட்டியலில் லித்துவேனியா என்ற பெயரே இல்லாமல் போயிற்று. தடை என்று எவரும் அறிவிக்கவில்லை, அரசாணை எதுவும் வெளியாகவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வாசகம் உண்டு: ‘சிஸ்டம் எடுக்கவில்லை’. அதிகாரியிடம் போய்க் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். யார் மறுத்தார், எந்த விதியின்கீழ் மறுத்தார் என்று எழுத்தில் எதுவும் கைக்கு வராததால், மேல்முறையீடு செய்யவும் வழியில்லை.

அப்படி நிற்கும் ஒரு கன்டெய்னர் என்ன பாடு படுத்தும் என்பதை அனுபவித்தவர்கள்தான் உணர முடியும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய சரக்கு, சான்றிதழில் எழுத்து மாறியிருந்த காரணத்தால் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் 19 நாள் கிடந்தது. இலவச நாள்கள் தீர்ந்தபின் டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) நாளுக்கு நாள் ஏறி, கடைசியில் சரக்கின் இலாபம் முழுவதும் அதிலேயே கரைந்துவிட்டது. அது எழுத்துப்பிழை, திருத்த முடிந்தது. நாட்டின் பெயரே பட்டியலில் இல்லாதபோது எதைத் திருத்துவது?

சில நாள்களில் பெயர் மீண்டும் பட்டியலில் தென்பட்டது என்றாலும் சரக்கு நகரவில்லை. 2022 பிப்ரவரியில் மாட்டிறைச்சி, பால்பொருள், பீர் ஆகியவற்றுக்கு ஆவணக் குறைபாடு என்ற காரணம் சொல்லப்பட்டது. மரத்தடிகளும், நாற்றங்கால்களில் பயன்படும் பீட் மண்ணும் இதே வரிசையில் சேர்ந்தன. (பொள்ளாச்சியிலிருந்து நாம் அனுப்பும் கோகோ பீட் உலகச் சந்தையில் மல்லுக்கட்டுவது இந்தப் பீட் மண்ணோடுதான் என்பதால், அந்தச் செய்தியை நான் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு படித்தேன்.) சீனச் சுங்கத்தின் புள்ளிவிவரத்தையே மேற்கோள் காட்டி, ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணையம் சொன்ன கணக்கின்படி, 2022 ஜனவரி முதல் அக்டோபர் வரை லித்துவேனியாவிலிருந்து சீனாவுக்குச் சென்ற சரக்கு முந்தைய ஆண்டைவிட 80 சதவீதம் குறைந்தது.

நடுக்கடலில் இருந்த சரக்குகளின் கதையும் உண்டு. சீனாவுக்குச் சென்றுகொண்டிருந்த 20,400 ரம் பாட்டில்களைத் தைவான் அரசின் மது நிறுவனம் தானே வாங்கிக்கொண்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2021 ஜூனில், தைவானுக்கு லித்துவேனியா முதலில் அறிவித்த கொரோனா தடுப்பூசியின் அளவு 20,000 தவணை. இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்தது தற்செயல்தான் என்றாலும், கொடுக்கல் வாங்கல் கணக்குப் பார்க்கிற எனக்கு அது மறக்கவில்லை.

நெக்கார்கரை:

ஸ்டுட்கார்ட்டில், மோட்டார் வாகன உதிரிபாகத் துறையில் வேலை செய்கிறேன். ‘1 சதவீதம்தானே’ என்று கேட்டவருக்கு என்னுடைய பதில்: உண்மையான அடி அந்த 1 சதவீதத்தின்மேல் விழவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தைக்குள் பொருள்கள் சுங்கக் காகிதம் இல்லாமல் நகர்கின்றன. லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் செய்யப்பட்ட மின்னணுக் கருவி ஜெர்மனிக்கு வந்து, ஒரு பெரிய பாகத்துக்குள் அடங்கி, அந்தப் பாகம் சீனாவுக்கு ஏற்றுமதியாகும்போது ஜெர்மன் பொருளாகவே போகிறது. மேலே நண்பர் சொன்ன நாடுகளின் பட்டியல் அதைப் பிடிக்காது. ஆகவே, லித்துவேனியாவின் தொழிலை உண்மையிலேயே நெருக்க வேண்டுமானால் சரக்கை மறிப்பதால் பயனில்லை. அந்தச் சரக்கை வாங்குகிற ஜெர்மானியரையும் பிரெஞ்சுக்காரரையும்தான் மறிக்க வேண்டும். ஜெர்மன் உதிரிபாக நிறுவனமான கான்டினென்டலுக்கு அப்போது கௌனாஸில் ஆலை இருந்தது. லித்துவேனியாவில் செய்த பாகங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நிறுவனத்திடம் சீனா வலியுறுத்தியதாக 2021 டிசம்பரிலேயே செய்தி வெளியானது. நிறுவனங்களுக்கு அப்படி எந்த நெருக்கடியும் கொடுக்கவில்லை என்று சீன வெளியுறவு அமைச்சகம் மறுத்தது.

அடுத்த மாதம் ஜெர்மன்–பால்டிக் வணிகச் சபை, பெய்ஜிங்குடன் ஒரு தீர்வுக்கு வராவிட்டால் ஜெர்மானியர் நடத்தும் சில ஆலைகளை மூட வேண்டியிருக்கும் என்று கடிதம் எழுதியது. அந்தக் கடிதம் பெய்ஜிங்கின் முகவரிக்குப் போகவில்லை, வில்னியஸுக்குப் போனது என்பதைக் கவனியுங்கள். நெருக்கடி கொடுத்தவரை விட்டுவிட்டு, நெருக்கடிக்கு ஆளானவரிடம் ‘நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்’ என்று சொல்லும் நிலைக்கு ஐரோப்பியத் தொழில் உலகமே வந்தது. லித்துவேனியர்களின் பதற்றத்துக்குக் காரணம் இதுதான்: சீனச் சந்தையை இழப்பதைத் தாங்கலாம், ஜெர்மன் முதலீட்டை இழப்பதைத் தாங்க முடியாது.

ஒன்றியம் ஏன் உடனடியாகத் தட்டிக் கேட்கவில்லை என்ற இரண்டாம் கேள்விக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது. சுங்க வரி விகிதத்தைத் தீர்மானிப்பது ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் என்றாலும், சீனாவோடு தனித்தனியாக உறவு வைத்திருப்பவை 27 தலைநகரங்கள். ஏதென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் நெருக்கடியில் கிரேக்கம் சொத்துகளை விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 2016இல், பிரேயஸ் துறைமுக நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கைச் சீன அரசு நிறுவனமான காஸ்கோ 28.05 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2017 ஜூனில், ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தில் சீனாவைப் பற்றி ஐரோப்பிய ஒன்றியம் வெளியிடவிருந்த கூட்டறிக்கையைக் கிரேக்கம் தடுத்து நிறுத்தியது. துறைமுகத்துக்கும் அறிக்கைக்கும் எழுத்துப்பூர்வமான தொடர்பு எதையும் எவரும் காட்ட முடியாது. இந்த விவகாரத்தில் எழுத்துப்பூர்வமாக எதுவுமே கிடைக்காது என்பதுதான் ஆரம்பம் முதல் இறுதி வரை உள்ள சிக்கல்.

மூன்றாம் வாசிப்பு:

மேலே உள்ள இரண்டு விளக்கங்களையும் ஏற்கிறேன். ஆனால் லித்துவேனியாவை ஏதுமறியா ஆட்டுக்குட்டியாகச் சித்தரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்நாட்டின் மனநிலையைப் புரிந்துகொள்வது கடினமல்ல. சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலை பெற்றதாக 1990 மார்ச் 11 அன்று முதன்முதலில் அறிவித்த சோவியத் குடியரசு அது. மாஸ்கோ விதித்த பொருளாதார முற்றுகையை அப்போதே பார்த்த மக்கள். 2019 ஆகஸ்ட் 23 அன்று, சோவியத் ஆட்சியை எதிர்த்து மூன்று பால்டிக் நாட்டு மக்கள் கைகோத்து நின்ற மனிதச் சங்கிலியின் முப்பதாம் ஆண்டு நிறைவு நாளில், ஹாங்காங் மக்களுக்கு ஆதரவாக வில்னியஸ் பேராலயச் சதுக்கத்தில் கூடியவர்களிடையே சீனத் தூதரகத்தைச் சேர்ந்தவர்கள் வந்து இடையூறு செய்தது அங்கே ஆழமான கசப்பை உண்டாக்கியது. 2020இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி, விழுமியங்களை முன்னிறுத்தும் வெளியுறவுக் கொள்கையை அறிவித்தது. 2021 மே மாதத்தில், மத்திய, கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்காகச் சீனா நடத்தி வந்த ‘17+1’ அமைப்பிலிருந்து முதலில் வெளியேறியதும் லித்துவேனியாதான். பின்னர் லாட்வியாவும் எஸ்தோனியாவும் 2022 ஆகஸ்டில் வெளியேறின.

இவையெல்லாம் ஓர் இறையாண்மை நாடு எடுக்கக்கூடிய முடிவுகளே. பெயர் விஷயத்தில் நடந்தது வேறு. லித்துவேனிய மொழியில் அந்த அலுவலகத்தின் பெயர் ‘தைவானியர்களின் அலுவலகம்’ என்று பொருள்படும். அதாவது மக்களைக் குறிக்கும் சொல். சீன எழுத்தில் அதே பலகை ‘தைவான்’ என்று நாட்டைச் சுட்டுகிறது. ஒரே பலகையில் இருமொழிகளில் இரண்டு பொருள்! இதை எழுதியவர்கள் அறியாமல் எழுதியிருக்க மாட்டார்கள். காப்ரியேலியுஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ் அயலுறவு அமைச்சராக இருந்த அரசு இதற்கு உடன்பட்டது. குடியரசுத் தலைவர் கிதானாஸ் நௌசேடாவோ, பெயரைப் பற்றித் தன்னிடம் கலந்து பேசவில்லை என்றும் அது தவறு என்றும் 2022 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னார். வீட்டுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லாத ஒரு முடிவுக்காக 26 அண்டை வீட்டாரும் தோள் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம் என்பது என் எண்ணம். பெயரைத் தீர்மானிக்கும் முன் அவர்கள் பிரஸ்ஸல்ஸையோ பெர்லினையோ தயார்ப்படுத்தியிருக்க வேண்டும்.

சீனாவின் எதிர்வினையும் புதிதல்ல. தைவானுக்கு நீர்மூழ்கிக் கப்பல் விற்க நெதர்லாந்து ஒப்புக்கொண்டபோது, 1981இல் இதேபோல் உறவைப் பொறுப்புத் தூதர் நிலைக்கு இறக்கினார்கள்; மேற்கொண்டு ஆயுதம் விற்பதில்லை என்ற உறுதிமொழிக்குப் பிறகு 1984இல்தான் மீண்டும் தூதர் வந்தார். ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நார்வேயுடன், 2010இல் சீனச் சிறையிலிருந்த மனித உரிமைப் போராளி லியு சியாவோபோவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டதை ஒட்டி முடங்கிய உறவு 2016 டிசம்பரில்தான் சீரடைந்தது. ஆக, காத்திருப்பது அவர்களுடைய வழக்கம். தேர்தலில் ஆட்சி மாறும் வரை காத்திருக்க அவர்களால் முடியும்.

வெண்ணிப்பறந்தலை:

மூவருக்கும் நன்றி. ‘சிஸ்டம் எடுக்கவில்லை’ என்ற ஒற்றை வாசகம் எனக்கு நிறைய விளக்கிவிட்டது. ஆனால் மூன்றாம் வாசிப்பு அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முன்கூட்டியே கலந்து பேசவில்லை என்பது லித்துவேனியாவின் குறை என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகாவது ஒன்றியம் தன் கடமையைச் செய்ததா? உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கும், பொருளாதார வற்புறுத்தலைத் தடுக்கக் கொண்டுவந்த சட்டமும் என்ன ஆயின?

நெக்கார்கரை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், இது நான் கொஞ்சம் கூர்ந்து கவனித்த பகுதி.

2022 ஜனவரி 27 அன்று ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் சீனாவுக்கு எதிராகக் கலந்தாலோசனை கோரியது. அது பலிக்காமல், சரியாக ஓராண்டு கழித்து, விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் வழக்கை இடைநிறுத்தும்படி ஒன்றியமே கேட்டுக்கொண்டது. பன்னிரண்டு மாதம் தாண்டினால் குழுவின் அதிகாரம் தானாகக் காலாவதியாகும் என்பது விதி. 2025 ஜனவரியில் அப்படியே ஆயிற்று. வாய்மொழியாக வந்த நெருக்கடியை நிரூபிக்க வேண்டுமானால் அதற்கு ஆளான நிறுவனங்கள் சாட்சி சொல்ல வேண்டும். சீனாவில் தொடர்ந்து வியாபாரம் செய்ய நினைக்கும் எந்த நிறுவனம் அங்கே வந்து நிற்கும்?

அந்த வழக்கின் பலவீனம் முதலிலேயே தெரிந்திருந்ததால்தான் வற்புறுத்தல் தடுப்புச் சட்டம் உருவானது. ஐரோப்பிய ஆணையம் 2021 டிசம்பர் 8 அன்று, அதாவது லித்துவேனியச் சரக்குகள் தேங்கிய அதே வாரத்தில், அதன் வரைவை வெளியிட்டது. முன்பே திட்டமிட்டிருந்த சட்டம்தான் என்றாலும் அந்த வாரம் அதற்கு ஒரு முகத்தைக் கொடுத்தது. 2023 டிசம்பர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. புகார் வந்தால் ஆணையம் நான்கு மாதத்துக்குள் ஆராய வேண்டும், வற்புறுத்தல் நடந்ததா என்பதை உறுப்பு நாடுகள் தகுதிப் பெரும்பான்மையால் (நாடுகளின் எண்ணிக்கை, மக்கள்தொகை இரண்டையும் கணக்கில் கொள்ளும் பெரும்பான்மை) முடிவு செய்ய வேண்டும், பிறகு பேச்சுவார்த்தை, அதன் பிறகே வரி, ஒப்பந்தப்புள்ளித் தடை, முதலீட்டுக் கட்டுப்பாடு. எந்த ஒரு நாடும் தன்னந்தனியாக வீட்டோ போட முடியாது என்பது இதன் பலம். நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டு முடிந்த பின்பும் எவர் மீதும் ஏவப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் ‘ஒன்றியம் எப்போதும் பேசாமலிருந்துவிடும்’ என்று முடிவு கட்டுவதும் சரியாகாது. 2020 டிசம்பர் 30 அன்று ஏழாண்டுப் பேச்சுக்குப் பின் சீனாவுடன் முதலீட்டு ஒப்பந்தம் கொள்கையளவில் முடிவாகியிருந்தது. 2021 மார்ச் 22 அன்று சீனாவின் சின்ஜியாங் பகுதியில் நடந்த மனித உரிமை மீறல்களுக்காக ஒன்றியம் நான்கு சீன அதிகாரிகள் மீதும் ஓர் அமைப்பின் மீதும் தடை விதித்தது. அதே நாளில் சீனா பதிலுக்கு ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் உட்படப் பத்துப் பேர் மீதும் நான்கு அமைப்புகள் மீதும் தடை விதித்தது. ஓர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய அவையின் உறுப்பினர்களையே தடைப்பட்டியலில் போட்டால் என்ன நடக்கும்? 2021 மே 20 அன்று அந்த அவை 599க்கு 30 என்ற கணக்கில், 58 பேர் நடுநிலை வகிக்க, தடை நீங்கும் வரை ஒப்பந்தத்தைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தது. 2025 ஏப்ரல் இறுதியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மீதான தடையைச் சீனா விலக்கிக்கொண்ட பின்பும் ஒப்பந்தம் எழுந்திருக்கவில்லை.

மின்சாரக் கார் வாக்கெடுப்பு இன்னும் நேரடியான சான்று. சீனாவில் தயாராகும் மின்சாரக் கார்களுக்குக் கூடுதல் வரி விதிக்கும் முன்மொழிவு 2024 அக்டோபர் 4 அன்று வாக்குக்கு வந்தபோது 10 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, 12 நடுநிலை வகித்தன. இதைத் தடுக்க ஒன்றிய மக்கள்தொகையில் 65 சதவீதத்தைக் கொண்ட 15 நாடுகள் எதிர்த்து வாக்களித்திருக்க வேண்டும். ஆகவே நடுநிலை வகித்தவர்கள் நடைமுறையில் வரியை அனுமதித்தார்கள். அதுவரை இருந்த 10 சதவீதத்துக்கு மேல், சீனக் கார் நிறுவனங்களான பிஒய்டிக்கு 17, ஜீலிக்கு 18.8, சாயிக் நிறுவனத்துக்கு 35.3 சதவீதம் என வரி ஏறியது. எதிர்த்த ஐந்தில் ஜெர்மனி ஒன்று. என் சக ஊழியர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியின் அந்த எதிர்ப்பை ஆதரித்தார்கள், ஏனெனில் எங்கள் வாடிக்கையாளர்களின் இலாபத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகளாகச் சீனாவிலிருந்தே வந்தது. ஆதரித்த பத்து நாடுகளில் லித்துவேனியா ஒன்று. ஒன்றியத்தின் இந்த வரி முயற்சிக்குச் சீனா கொடுத்த பதில், பிரெஞ்சு பிராந்தி, ஸ்பானியப் பன்றி இறைச்சி, பால்பொருள் என்று நாட்டுக்கு நாடு தேர்ந்தெடுத்த பொருள்களின் மீதான விசாரணை. ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸ் 2024 செப்டம்பரில் சீனாவுக்குச் சென்றபோது, வரியை ஒன்றியம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பேசினார். வாக்கெடுப்பில் ஸ்பெயின் நடுநிலை வகித்தது.

மூன்றாம் வாசிப்பு:

என்னிடம் கேட்ட கேள்விக்கு நெக்கார்கரை பதில் சொல்லிவிட்டார்; நன்றி. மின்சாரக் கார் விஷயத்தில் ஒரு வேறுபாட்டை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். அங்கே ஒன்றியம் தன் சொந்த ஆலைகளைக் காக்க வாக்களித்தது. வில்னியஸ் விஷயத்தில் ஓர் உறுப்பு நாட்டின் அரசியல் முடிவைக் காக்க வேண்டியிருந்தது. முதலாவதற்குத் திரண்ட நாடுகள் இரண்டாவதற்கும் திரளும் என்பதற்கு இதுவரை சான்றில்லை.

ஆட்சி மாற்றமும் நான் சொன்னதுபோலவே வந்தது, ஆனால் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. லித்துவேனியாவில் 2024 அக்டோபர் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி வென்றது. சீனாவுடன் தூதர்களை மீண்டும் பரிமாறிக்கொள்ள விருப்பம் தெரிவித்தது. ஆனால் பழைய அரசு பதவியிலிருந்து இறங்கும் தறுவாயில், நவம்பர் இறுதியில், வில்னியஸ் சீனத் தூதரக அலுவலகத்தைச் சேர்ந்த மூவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. புதியவர்கள் பேசத் தொடங்கும் முன்பே மேசை காலியாகிவிட்டது.

சுங்கச்சாவடி:

ஒரு சிறு திருத்தம், என் பதிவுக்கே. பெயர் மீண்டும் பட்டியலில் தென்பட்டும் சரக்கு நகரவில்லை என்று எழுதியிருந்தேன். அதைப் படிப்பவர்கள் இன்றும் ஒரு பெட்டிகூடப் போகவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வணிகம் பிற்பாடு ஓரளவு நகர்ந்தது. ஆனால் எங்கள் தொழிலில், ஒருமுறை காரணமே சொல்லாமல் நின்றுபோன வழித்தடத்துக்குக் கடனில் சரக்கு அனுப்ப எந்த ஏற்றுமதியாளரும் முன்வர மாட்டார்; முழுப் பணமும் முன்கூட்டி வந்தால்தான் கன்டெய்னரில் ஏற்றுவார், இல்லையென்றால் வேறு ஊருக்கு ஆர்டர் தேடுவார்.